நித்திரை கொள்ளாத றைவர்

மனிதனுக்கு நித்திரை தேவையில்லை. அது வெற்றிலை, சுருட்டு, கோழிச்சண்டை போல ஒரு பழக்கம். தொட்டிலில் போட்டு ஆட்டி ஆட்டித் தாய்மார் பழக்கிவிடுகிறார்கள். அப்போது வேண்டாமென்று சொல்லப் பிள்ளைக்கு வாயில்லை. வளர்ந்தபிறகு விட மனமில்லை. இந்தப் பேருண்மையை உலகத்துக்கு அறிவித்தவர் நாவற்குடா நல்லரத்தினம். அறிவித்த இடம் கல்லடிப் பாலத்தடித் தேநீர்க்கடை. காலம், கடலில் கப்பல் மூழ்கி வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மட்டக்களப்பில் கரையேறியதற்கு அடுத்த வருஷம். உலகச் சண்டை அப்போதும் முடியவில்லை. ஆகையால் இந்தக் கண்டுபிடிப்புக்குக் கிடைக்கவேண்டிய கவனம் வெளியூர்களில் கிடைக்காமற் போயிற்று.

நல்லரத்தினம் லொறி றைவர். ஆதம்பாவா முதலாளியின் லொறியில் கருவாடும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போவார். அங்கிருந்து முட்டைக்கோவாவும் கிழங்கும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். வண்டியில் இன்னொரு றைவரும் உண்டு. பெயர் மஜீட், காத்தான்குடி ஆள், நல்லரத்தினத்துக்குச் சில வயது இளையவன். இரண்டு பேர் எதற்கென்றால், அதற்குக் காரணம் யுத்தம். முன்பெல்லாம் லொறிகள் இரவின் குளிர்ச்சியில் ஓடும். யுத்தம் வந்ததும் விளக்குகளுக்குக் கறுப்புத்துணி கட்டச் சொன்னார்கள். கறுப்புத்துணி கட்டிய விளக்கில் தெரிந்தது அந்த விளக்கு மட்டுந்தான். எனவே விடியற்காலையில் புறப்பட்டு, நாள் முழுவதும் வெயிலில் வெந்து, பொழுது சாய்வதற்குள் பதுளை மலையில் ஏறிவிட வேண்டும். பிந்தினால் கருவாடு கெடாது. முதலாளியின் மனம் கெட்டுவிடும். செங்கலடியில் திரும்பினால் கரடியனாறு, மகாஓயா, பிபிலை என்று காட்டுக்கூடாகப் போய்க்கொண்டே இருக்கிற அந்தப் பாதையை ஒரு சோடிக் கண்ணால் ஓட்டி முடிக்க ஏலாது.

ஆகவே லொறியின் முன்னிருக்கையில் ஒரு சட்டம் இருந்தது. எவனுக்கு முதலில் கண்ணைச் சுழற்றுகிறதோ அவன் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். உடனே மற்றவன் சுக்கானைப் பிடிக்கவேண்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் சுழற்றினால் லொறியை நிறுத்திவிட வேண்டும். சட்டத்தை ஆக்கியவன் மஜீட். அதன்படி நடந்தவனும் மஜீட்தான்.

சோற்றுக்குப் பிறகு வருகிற நித்திரைக்கு அவனிடம் ஒரு முறையும் இருந்தது. லொறியை ஓரங்கட்டிச் சில்லுக்குக் கல் வைப்பான். லொறியின் நிழலில் பன்பாயை விரிப்பான். உள்ளங்கால் இரண்டும் நிழலின் ஓரத்தைத் தொடும்படி அளந்து படுப்பான். கண்ணை மூடினால் மூடினதுதான். நிழல் கொஞ்சம் நகர்ந்து வெயில் அவன் காலைச் சுட்டதும் எழும்பி, முகத்தைக் கழுவிக்கொண்டு புதுமனிதனாக ஏறி உட்காருவான். மணிக்கூடு வாங்க வசதியில்லாதவன் சூரியனை வேலைக்கு அமர்த்தியிருந்தான்.

தேநீர்க்கடையில் நல்லரத்தினத்துக்கு இதைவிட நல்ல பண்டம் அகப்படவில்லை.

"பாய விரிச்சு, கல்ல வச்சு, காலையும் அளந்து வச்சுப் படுக்கிறான். லொறி ஓட்ட வந்தவனா, பிள்ளப்பெற வந்தவனா எண்டு எனக்கே ஒரு சமுசயம்" என்பார்.

கடை சிரிக்கும். மஜீட்டும் தேநீரை ஊதிக்கொண்டே சிரிப்பான்.

"அப்ப அந்த நேரம் நீங்க என்ன செய்ற, ரத்தினம் அண்ணன்?" என்று கேட்பான் பாறூக். ஏறாவூர்க்காரன், அதே பாதையில் வேறொரு முதலாளிக்கு லொறி ஓட்டுகிறவன்.

"நான் காவல். காட்டு ஆன வந்தா ஆர் பாக்கிற?"

"மறுகா ஒங்களுக்கு நித்திர வராதா?"

"நித்திரையா?" அந்தச் சொல்லை எங்கோ கேட்டதுபோல் நல்லரத்தினம் கொஞ்சநேரம் யோசிப்பார். "சின்னனில கொண்டிருக்கன். அதுக்குப் பிறகு விட்டிட்டன்."

உண்மையை இனியும் ஒளிப்பதற்கில்லை. பகல் வெயில் மகாஓயாக் காட்டின்மேல் கொதித்துக்கொண்டிருக்கும். வயிற்றில் சோறும் எருமைத்தயிரும் ஒன்றாய் உட்கார்ந்து மேலேயிருக்கிற கண்களைக் கீழே இழுக்கும். சுக்கானைப் பிடித்திருக்கும் நல்லரத்தினம் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"மஜீட், எஞ்சின் சுடுது போல."

மஜீட் எஞ்சின் பக்கமே திரும்பமாட்டான். நல்லரத்தினத்தின் கண்களைத்தான் பார்ப்பான்.

"ஓம் அண்ணன், நல்லாச் சுடுது. செவந்து போய் இரிக்கி. இஞ்சால வாங்க, நான் புடிக்கிறன்."

இடம் மாறி உட்கார்ந்ததும் நல்லரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு பாதையைக் காதால் கவனிக்கத் தொடங்குவார். கவனம் ஆழமாக ஆழமாக வாய் திறந்துகொள்ளும். பிறகு எஞ்சினையும் அமுக்கிக்கொண்டு ஒரு சத்தம் கிளம்பும். வளைவுகளில் தலை கதவில் மோதாமல் மஜீட் ஒரு கையால் அவருடைய தோளைப் பிடித்துக்கொள்வான். பிபிலைக் கடைத்தெரு வந்ததும் மெல்லத் தட்டுவான்.

"ரோட்டு என்ன சொல்லிச்சி, அண்ணன்?"

"பள்ளம் கூட. நீ கொஞ்சம் மெதுவா ஓட்டியிருக்கலாம்."

"மெய்தான்" என்பான் மஜீட்.

தேநீர்க்கடையில் அவன் இதைப்பற்றி மூச்சுவிட்டதில்லை. லொறியின் முன்னிருக்கையில் நடப்பது கதவைத் திறந்து இறங்கிவரக் கூடாது என்பது அவன் கொள்கை. யாரும் அதைப் புகழாததால் அப்படி ஒரு கொள்கை இருப்பது நல்லரத்தினத்துக்கும் தெரியவில்லை.

பேச்சு பாலத்தைக் கடந்து ஆதம்பாவா முதலாளியின் காதுக்குப் போயிற்று. முதலாளி கெட்டவர் அல்லர். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற நல்லவர். செலவு குறைகிற சங்கதி என்றால் சொல்லி முடிப்பதற்கு முன்பே நம்புகிறவர். அந்தக் காலத்தில் டயர் கிடைக்கவில்லை, பெற்றோலுக்குக் கூப்பன், வாரத்துக்கு ஓடுகிற பயணமும் குறைந்திருந்தது. இந்தக் கவலைகளோடு அவர் ஒருநாள் கருவாட்டுக் கிட்டங்கி வாசலில் கதிரை போட்டிருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் நின்றார்கள். சாமான் ஏற்ற வந்த பாறூக்கும் நின்றான். மஜீட் ஒரு தேங்காய்ச் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு லொறிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"நல்லரத்தினம், ஒரு பேச்சு கேள்விப்பட்டன். நீங்க நித்திர கொள்றல்லயாம். மெய்யா?"

மஜீட் சாக்கோடு நின்றான். முதலாளி எந்தக் கணக்குப் போடுகிறார் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. நல்லரத்தினத்துக்கும் விளங்கியது. விளங்காமல் செய்தார் என்று பிற்காலத்தில் அவர் தமக்குத்தாமே சொல்லிப் பார்த்ததுண்டு, அது எடுபடவில்லை. 'பகிடிக்குச் சொன்னது முதலாளி, எல்லாரப்போலயும் கொள்ளுறதுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மூட்டைக்காரர்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாறூக் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக நின்றான்.

"நித்திரையா முதலாளி? அது எங்கட பரம்பரையிலயே இல்ல."

"மாஷா அல்லாஹ்! அப்ப பதுளைக்கு நீங்க ஒராளே போதும், என்ன?"

நல்லரத்தினம் தலையை ஆட்டினார். அது ஆம் என்ற ஆட்டலா, இல்லை என்ற ஆட்டலா என்று முதலாளி விசாரிக்கவில்லை.

மஜீட் சாக்கை லொறியில் ஏற்றிவிட்டுத்தான் வந்தான். தோளிலிருந்த தும்பைத் தட்டினான். நல்லரத்தினத்தின் கிட்டவந்து, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காமல், "மகாஓயா தாண்டி எஞ்சின் சுட்டா நிப்பாட்டுங்க அண்ணன். வெக்கப்படாதீங்க" என்றான். இருக்கைக்குப் பின்னாலிருந்து தன் பன்பாயை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்தான்குடிப் பக்கம் நடந்தான்.

இப்போது தேநீர்க்கடையில் நல்லரத்தினத்தைக் கண்டதும் ஆட்கள் எழுந்து இடம் விட்டார்கள். தனியாகப் பதுளைக்குப் போய்வருகிற றைவர் அந்தப் பகுதியிலேயே அவர் ஒருவர்தான். பெருமை நிரம்ப இருந்தது. மகாஓயா தாண்டியதும் அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கொச்சிக்காயைக் கடித்துப் பார்த்தார். வாய் எரிந்தது, கண் தூங்கியது. உரக்கப் பாடிப் பார்த்தார். தம்முடைய பாட்டே தாலாட்டாக முடிந்தது. வெறுமையாகக் கிடந்த பக்கத்து இருக்கையோடு பேசிப் பார்த்தார். நிறுத்திப் படுக்கலாம். ஆனால் அதே பாதையில் பாறூக் வருவான். பாறூக் கண்டால் கடை காணும். அதனால் நிறுத்தவில்லை.

ஒருநாள் அவருக்குப் பாதை மிக நன்றாகத் தெரிந்தது. பள்ளமில்லை, தூசியில்லை, காடு இருபுறமும் ஒதுங்கி நின்று மரியாதை செய்தது. அது கனவு. கனவிலும் அவர் லொறிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் வித்தியாசம் தெரியவில்லை. கனவில் பாதை நேரே போயிற்று. வெளியே அது வலப்பக்கம் திரும்பியது.

ஏதோ உடையும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். லொறி புல்லுக்குள் இறங்கி, ஒரு பாலைமரத்துக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. எப்படி நின்றதென்று அவருக்குத் தெரியாது. கால் தன்பாட்டில் பிறேக்கை மிதித்திருக்கிறது. இடப்பக்க முட்பற்றைக்குள் ஒரு சிங்களப் பெண் விழுந்து கிடந்தாள். தண்ணீர் எடுத்துவந்தவள். குடம் உடைந்து, தண்ணீர் புழுதிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து முள்ளைத் தட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இறங்கிப்போய் இரண்டு தேங்காயை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஒன்று உருண்டு ஓடிற்று. அவள் இரண்டையும் தொடவில்லை. குடத்தின் கழுத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பதுளையிலிருந்து திரும்பியதும் நல்லரத்தினம் வீட்டுக்குப் போகவில்லை. நேரே காத்தான்குடிக்குப் போனார்.

மட்டக்களப்பில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண்ணுடைய வீட்டில்தான் குடி. நல்லரத்தினமும் அப்படித்தான், மஜீட்டும் அப்படித்தான். உழைக்கும்வரை அவன் மருமகன். வேலை போனால் விருந்தாளி ஆகிவிடுகிறான். அவ்வளவு நாள் தங்குகிற விருந்தாளியை யாருக்குப் பிடிக்கும்? மஜீட் வேலி கட்டிக்கொண்டிருந்தான். வேலியைப் பார்த்தால் ஏற்கெனவே கட்டிய வேலி. அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறான் என்று தெரிந்தது. மாமியார் நபீஸா தேநீர் கொண்டுவந்தார். நல்லரத்தினத்தின் கோப்பையைக் கையில் கொடுத்தார். மருமகனுடையதை வேலிக்கட்டையின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

"எஞ்சின் சுடுதா, அண்ணன்?" என்றான் மஜீட்.

நல்லரத்தினம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். குடத்தைப் பற்றிச் சொன்னார். பாலைமரத்தைப் பற்றியும் சொன்னார். மஜீட் கயிற்றை விட்டுவிட்டு மணலில் குந்தினான்.

"முதலாளிட்டச் சொல்லுங்க."

"என்னெண்டு மஜீட் சொல்றது? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கன்."

"நித்திர வருது எண்டு சொல்ற. மனிசனுக்கு வாறதுதானே."

"உனக்கென்ன, நீ லேசாச் சொல்லுவாய்."

"எனக்கு ஒண்டும் லேசில்ல, அண்ணன்." அவன் வீட்டுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "பட்டாளத்துக்குக் கல்லு ஏத்துற கொந்தராத்துக்கு றைவர் எடுக்கிறாங்க. வெள்ளிக்கெழம ஜும்மாவுக்குப் பொறகு வரச் சொல்லியிரிக்கி. அங்க ஒண்டுக்குப் பின்னால ஒண்டு லொறி போய்ட்டே இரிக்கணுமாம். ஒராள் நிண்டா முழுக்க நிண்டுரும். பக்கத்துல மாத்தாளும் இல்ல. நான் நிழலப் பாத்துப் படுக்கிறவன், எனக்கு அது சரிவராது. ஆனா இஞ்ச எத்தின நாளைக்கு இந்த வேலியக் கட்டுற?"

"போகாத. நான் சொல்றன்."

"நீங்க வெள்ளிக்கெழமக்கு முன்னம் சொன்னா நான் போகல்ல."

"நாளைக்கே சொல்றன். என்ட பிள்ளையார் மேல ஆண, சொல்றன்."

மஜீட் வேலிக்கட்டையிலிருந்த தேநீரை எடுத்துக் குடித்தான். அது ஆறிப்போயிருந்தது. ஆனாலும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மறுநாள் நாவற்குடாவிலிருந்து கிட்டங்கிவரை நல்லரத்தினம் நடந்தே போனார், வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு. பாலத்தின்மேல் நின்று, கீழே ஓடுகிற வாவியைப் பார்த்து, 'முதலாளி, எனக்கு நித்திர வருது' என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். வாவியிடம் சொல்வதில் சிரமம் இருக்கவில்லை.

கிட்டங்கியில் முதலாளிக்குப் பக்கத்தில் பதுளை வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாங்க! இவர்தான் நான் சொன்ன ஆள். நித்திர கொள்ளாத றைவர்!" என்று முதலாளி கதிரையைவிட்டே எழும்பிவிட்டார். தம்முடைய றைவரைக் காட்ட ஒரு முதலாளி எழும்பியதை மட்டக்களப்பு அதற்குமுன் கண்டதில்லை.

வியாபாரி மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்போல் கிட்டவந்து பார்த்தார். "கண் இப்பிடிச் சிவந்திருக்கே?"

இதோ, சொல்வதற்கென்றே திறந்துவிட்ட கதவு. நல்லரத்தினம் வாயைத் திறந்தார்.

"அது பிறவிச் சிவப்பு" என்றார்.

இருவரும் சிரித்தார்கள். வியாபாரி அவர் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு உடம்பெல்லாம் இதமாகப் பரவியது. அது பரவி முடியுமட்டும் நல்லரத்தினம் காத்திருந்தார். பிறகு மெல்ல, "முதலாளி, மஜீட்டையும் கூட்டிக்கொண்டு போனா... தண்ணி கிண்ணி ஊத்தக் கைக்கொரு ஆள்..." என்று இழுத்தார்.

"தண்ணி ஊத்தவா றைவர்? நீங்க இளகின மனசுக்காரன், நல்லரத்தினம். அவனுக்காகப் பேசுறீங்க, எனக்கு விளங்குது. அவனுக்கு வேற எடம் கிடைக்கும், பயப்படாதீங்க."

"ஓம், முதலாளி."

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு மஜீட் கல்லு லொறிக்குப் போனான்.

அதற்குப்பின் ஒரேயொரு தடவை நல்லரத்தினம் அவனைக் கண்டார். கரடியனாற்றுப் பக்கமிருந்து கல்லு லொறிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. இவர் ஓரங்கட்டி வழிவிட்டார். புழுதிக்குள் ஒவ்வொரு முகமாகப் போனது. எல்லாம் ஒரே நிறம். ஒரு முகம் மட்டும் அவர் பக்கம் திரும்பியது. சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். கண்ணிமைகள் வீங்கியிருந்தன. நல்லரத்தினம் "மஜீட்!" என்று கத்தினார். பின்னால் வந்த லொறி ஊதிற்று. அவன் போய்விட்டான்.

அடுத்த மாரியின் முதல் மழைக்குப்பிறகு ஒரு பகல், சாப்பாடு முடிந்து வரிசை புறப்பட்ட நேரம், ஒரு கல்லு லொறி திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் வட்டைக்குள் இறங்கியது. விதைத்து முளைத்திருந்த வயல். லொறி பெரிதாக அடிபடவில்லை. வாய்க்கால் வரம்பில் மோதி நின்றபோது பின்னாலிருந்த கல்லெல்லாம் முன்னால் வந்துவிட்டது. பிறேக் பிடித்த அடையாளமே பாதையில் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். "கண் அசந்திட்டான்" என்றார்கள். எல்லா லொறிகளும் நின்றன. அன்றைக்குத்தான் முதல்தடவையாக அந்த வரிசை நின்றது.

மஜீட்டின் மையித்தை அடக்கத்துக்குக் கிடத்தியிருந்த வீட்டில் ஆண்கள் வெளியே வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஓதுகிற சத்தம் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது. நல்லரத்தினம் வேலியோரம் நின்றார். வேலி நன்றாகக் கட்டியிருந்தது. எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றவரை மாமியார் நபீஸா கண்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுநிலையருகே வந்து நின்றார்.

"வந்தீங்களா மகன். ஒங்களத்தான் நெனச்சன்."

நல்லரத்தினம் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களப்பத்தித்தான் எந்நேரமும் பேச்சு அவருக்கு. 'மாமி, ரத்தினம் அண்ணனோட போற நேரம் எனக்குப் பயமே இல்ல. அந்த மனிசன் ஒரு பொட்டும் கண் மூடமாட்டார், என்னையும் பாத்துக்குவார்' எண்டு சொல்லுவார்." அவர் முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்தினார். "நீங்க பக்கத்துல இருந்திருந்தா அவர நித்திர கொள்ள விட்டிருப்பீங்களா மகன்?"

இந்த வீட்டுக்குள்ளும் மஜீட் அதைச் சொல்லவில்லை. பாயிலே படுத்துக்கொண்டு, சொந்தப் பெண்டாட்டியிடம், மாமியாரிடம், அவன் நல்லரத்தினத்தின் பொய்யை நல்லரத்தினத்தைவிட நேர்த்தியாகச் சொல்லி வைத்திருக்கிறான்.

"இல்ல உம்மா" என்றார் நல்லரத்தினம்.

அடக்கம் முடிந்து பள்ளிவாசல் படலையருகே ஆதம்பாவா முதலாளி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளியின் கண்ணும் கலங்கியிருந்தது, அது பொய்யல்ல. "பாத்தீங்களா, நித்திரதான் மனிசன்ட சத்துரு. அல்லாஹ் ஒங்களுக்கு அத எடுத்துட்டான், நீங்க குடுத்து வச்ச ஆள்" என்றார்.

"ஓம், முதலாளி."

அடுத்த பயணம். கருவாடு, தேங்காய். கரடியனாற்றில் சோறு. மழை விட்டு மறுபடியும் வெயில் ஏறியிருந்தது. இருபுறக் காடும் ஈரத்தில் புழுங்கிக்கொண்டு நின்றது. இந்தப் பயணத்தில் நல்லரத்தினம் பாடவில்லை. பக்கத்து இருக்கையோடும் பேசவில்லை. மகாஓயா வருவதற்கு முன்னமே லொறியை ஓரங்கட்டினார். பாதை நேராகப் போகிற இடம். இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் காணலாம். இறங்கிப்போய் ஒரு கல்லைத் தேடிக்கொண்டுவந்து சில்லுக்கு வைத்தார். அது சின்னக் கல். எறிந்துவிட்டு வேறொன்று தேடினார். பாயில்லை; கருவாட்டுச் சாக்கொன்றை உதறி நிழலில் விரித்தார்.

விரித்துக்கொண்டிருக்கும்போதே எதிரே லொறிச் சத்தம் கேட்டது. பதுளையிலிருந்து பாறூக் இறங்கி வந்துகொண்டிருந்தான். கோவா நிரம்பிய லொறியைச் சரியாக அவர் முன்னால் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன ரத்தினம் அண்ணன், எஞ்சினா?"

"இல்ல."

"டயர் போய்ட்டா? எங்கிட்ட ஒட்டுற சாமான் இரிக்கி."

"டயர் நல்லா இருக்கு." நல்லரத்தினம் சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு நித்திர வருது, பாறூக்."

பாறூக் ஒரு விநாடி அவரைப் பார்த்தான். பிறகு கதவில் கையால் அடித்து அடித்துச் சிரித்தான்.

"ஒங்கட பகிடிக்கு ஒரு அளவில்லயா? கடையில போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்!"

"மெய்யாத்தான் சொல்றன்."

"சரி சரி. ஆன கீன வந்தாப் பாத்துக்கங்க, காவல்காரர்!" என்று இன்னும் சிரித்துக்கொண்டே அவன் லொறியை எடுத்தான். வெகுதூரம்வரை அந்தச் சிரிப்புக்குத் தாளம்போல ஊதிக்கொண்டே போனான்.

சத்தம் ஓய்ந்ததும் நல்லரத்தினம் சாக்கில் உட்கார்ந்தார். லொறியின் நிழலைப் பார்த்தார். உள்ளங்கால்களை அதன் ஓரத்துக்கு நகர்த்தி, கொஞ்சம் கூடிப்போயிற்றென்று உள்ளே இழுத்து, மறுபடியும் அளந்து வைத்தார். அவனைப்போல் சரியாக வைக்க வரவில்லை. பரவாயில்லையென்று சரிந்து படுத்தார். தலைக்குமேல் எண்ணெய் படிந்த இரும்பு, சாக்கில் கருவாட்டு மணம், காட்டுக்குள் எங்கோ ஒரு புறா.

கண்ணை மூடினார்.